ஆறாம் நாள் கணக்கு

மார்ச் 31 அன்று வங்கிக்காரன் வீட்டில் அவனை யாரும் சாப்பிடக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டும் பிரயோஜனம் இல்லை. பி.காம். முடித்து, பரீட்சை எழுதி, இந்த வேலைக்கு வந்து இருபது வருஷம் தாண்டிவிட்டது. நாலு மாநிலம் பார்த்தாச்சு. எங்கே போனாலும் அந்த ஒரு ராத்திரி ஒரே மாதிரிதான். திருவனந்தபுரத்துக்கு மாற்றலாகி வந்த பிறகுதான், அதே மாதிரி இன்னொரு நாள் இருப்பது தெரிய வந்தது. எங்களுக்கு இல்லை, பள்ளிக்கூடங்களுக்கு. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாள். மலையாளத்தில் 'ஆறாம் பிரவர்த்தி திவசம்' என்பார்கள். 2025-ல் அது ஜூன் 10-ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை வந்தது. அந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முன்னால் கொஞ்சம் சுற்றி வர வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இந்த ஊர் ஜூன் மாதம். நம்ம பக்கம் பள்ளி திறப்பு என்றால் வெயில் அடங்காத புழுதிக் காலம். 'வெயில் குறையவில்லை' என்று தள்ளிப் போடுவதும் உண்டு. 2024-ல் தமிழ்நாட்டில் ஜூன் 10-க்குத்தான் திறந்தார்கள். கேரளாவில் ஜூன் மாதமும் மழையும் பள்ளிக்கூடமும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மே பாதியிலேயே டிவியில் பாப்பி குடை, ஜான்ஸ் குடை விளம்பரம் ஆரம்பித்துவிடும். சாலைக் கடைத்தெருவில் பையும் நோட்டும் வாட்டர் பாட்டிலும் நடைபாதை வரைக்கும் வந்து தொங்கும். 2025-ல் மழைக்கே அவசரம், மே 24-ஆம் தேதியே வந்துவிட்டது. 2009-க்குப் பிறகு அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை. பள்ளி திறந்தது ஜூன் 2, திங்கட்கிழமை. 'பிரவேசனோற்சவம்' என்று பலூன் கட்டி, மிட்டாய் கொடுத்து, ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைப் பாட்டுப் பாடி உள்ளே அழைப்பார்கள். அழுகிற குழந்தையும் அழுகிற அம்மாவும் மறுநாள் பேப்பரில் வருவார்கள்.

அந்தப் படத்தில் வராத ஆள் ஒருவர் உண்டு. எச்.எம். என்கிற தலைமை ஆசிரியர். அவர் அந்த நேரத்தில் பெரும்பாலும் எங்கள் மாதிரி ஏதாவது ஒரு வங்கிக் கிளையில் டோக்கன் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

காரணம் இருக்கிறது. கேரள அரசுப் பணியில் மே 31 ஒரு பெரிய ஓய்வு நாள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் ஓய்வு பெறுவார்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வயசு சரியாக வரட்டும் என்று பெற்றோரும் வாத்தியாரும் சேர்ந்து மே மாதத்தில் ஒரு பிறந்த நாளை எழுதிக்கொண்டார்கள். ஐம்பது வருஷம் கழித்து அதே தேதி கேக் வெட்டாமல் வீட்டுக்கு அனுப்புகிறது. ஆக ஜூன் முதல் வாரத்தில் பல பள்ளிகளுக்குப் புது எச்.எம். புது எச்.எம். வந்தால் எல்லாக் கணக்கிலும் கையெழுத்து மாற வேண்டும். மதிய உணவுக் கணக்கு, பி.டி.ஏ. கணக்கு, இன்னும் சிலது. மாறுகிற வரைக்கும் செக் செல்லாது. செக் செல்லாவிட்டாலும் பிள்ளைக்குப் பசிக்கும்.

இந்த டீச்சரை நான் பார்த்தது அப்படித்தான், ஜூன் 3-ஆம் தேதி. (கேரளாவில் ஆசிரியை என்றால் ஊரே 'டீச்சர்' என்றுதான் கூப்பிடும், அவர் வீட்டுக்காரர் உட்பட.) பாறசாலைப் பக்கம் சொந்த ஊர். வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், இரண்டும் கலந்து ஒரு பேச்சு. நகரத்தில் தமிழ் வழி வகுப்புகள் உள்ள ஒரு பள்ளிக்கு முந்தின நாள்தான் எச்.எம். ஆகியிருந்தார். எந்தப் பள்ளி என்று எழுதப் போவதில்லை. அவருக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது.

"சாரே, ஒப்பு மாற்றணும். இது தீர்மானம், இது மினிட்ஸ், இது ஆதார், இது பான். இனி என்ன வேணும்னு ஒரே தடவையில சொல்லிருங்க. நாளைக்கு வர சமயம் இல்ல" என்றார்.

ஒரே தடவையில் சொன்னேன். வங்கியில் அது அபூர்வம் என்று எனக்கே தெரியும்.

கையெழுத்து ஸ்கேன் ஆகிற நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததில், அவர் பையில் இருந்த காகிதங்கள் பற்றித் தெரிந்தது. பள்ளிக் கட்டடத்துக்கு உள்ளாட்சி பொறியாளர் தரும் ஃபிட்னஸ் சர்ட்டிஃபிகேட். கிணற்றுக்குக் குளோரின் போட்டதற்குக் குறிப்பு. சாய்ந்து நிற்கிற மரக் கிளையை வெட்டச் சொல்லி எழுதின கடிதம். பள்ளி பஸ்ஸுக்குப் பரிசோதனை. பாடப்புத்தகம் எத்தனை வந்தது, எத்தனை வரவில்லை. கைத்தறி யூனிபார்ம் துணி. 'சம்பூர்ணா' என்கிற மென்பொருளில் ஒவ்வொரு பிள்ளையின் விவரம். இதில் எதையும் வெறும் காகிதம் என்று தள்ள முடியாது. ஒன்றரை மாதம் கழித்து, 2025 ஜூலை 17 அன்று, கொல்லம் மாவட்டம் தேவலக்கரையில் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன், சைக்கிள் ஷெட் கூரை மேல் விழுந்த செருப்பை எடுக்க ஏறி, மேலே போன மின்கம்பியில் கை பட்டு இறந்து போனான். தலைமை ஆசிரியையை சஸ்பெண்ட் செய்தார்கள். அன்று சாயந்திரம் இந்த டீச்சர் பள்ளியைச் சுற்றி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தாராம், குடையைக் கூட விரிக்காமல்.

மதிய உணவு விஷயம் எனக்குக் கணக்குப் புத்தகத்தின் வழியாகவே தெரியும். அரிசி வந்துவிடும். காய்கறி, பருப்பு, கேஸ், பால், முட்டை எல்லாம் எச்.எம். முதலில் வாங்க வேண்டும், பிறகு பணம் வரும். 2016-ல் வைத்த விகிதப்படி 150 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய். அதில்தான் வாரத்துக்கு இரண்டு நாள் பால், ஒரு நாள் முட்டை. ஒரு முட்டை என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். பணம் வரத் தாமதமாகிச் சொந்தக் காசைப் போட்டு ஓட்டிய தலைமை ஆசிரியர்கள் 2023-ல் உயர் நீதிமன்றத்துக்கே போனார்கள். விகிதம் பிறகு மாறியது. கடைக்காரரிடம் கடன் சொல்வது மட்டும் பல பள்ளிகளில் மாறவில்லை. வணிகவியலில் இதற்கு 'நடைமுறை மூலதனம்' என்று பெயர். இங்கே அந்த மூலதனம் ஒரு டீச்சரின் சம்பளம்.

இன்னொன்று. 2021 ஜூலையிலிருந்து மத்திய அரசுத் திட்டப் பணம் எல்லாம் ஒரே தலைமைக் கணக்கில்தான் இருக்கும், கீழே உள்ள பள்ளிகளுக்கு ஜீரோ பேலன்ஸ் கணக்கு, வரம்பு மட்டும் கொடுப்பார்கள் என்று ஏற்பாடு வந்தது. பணம் சும்மா தேங்காமல் இருக்க நல்ல யோசனைதான். ஆனால் பாஸ்புக்கில் பூஜ்யத்தைப் பார்த்துப் பழக எச்.எம்.களுக்கு நாள் ஆயிற்று. ஒரு மே மாதம் தலைமை ஆசிரியர்களுக்கு நடந்த பயிற்சியில் இதைப் பற்றி நாற்பது நிமிஷம் பேச என்னைக் கூப்பிட்டார்கள். நான் எங்கள் பயிற்சிக் கல்லூரி பாணியில் படம் போட்டு ஆரம்பித்தேன். பத்தாவது நிமிஷத்தில் ஒரு மாஷ் எழுந்து, "சாரே, பூஜ்யம்னா இல்லைன்னு அர்த்தமா, இருக்கு ஆனா காட்ட மாட்டோம்னு அர்த்தமா?" என்று கேட்டார். ஹாலே சிரித்தது. மீதி முப்பது நிமிஷம் அவர்கள் பேசினார்கள், நான் குறிப்பு எடுத்தேன்.

சரி, ஆறாம் நாளுக்கு வருவோம்.

கேரளக் கல்விச் சட்டம் 1958-ல் வந்தது. விதிகள் 1959 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்தன. அந்த விதிகளின் வழியில் வந்ததுதான் இந்தக் கணக்கு. பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் ரோலில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்களோ, அதை வைத்துத்தான் அந்த வருஷம் முழுக்க எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று தீர்மானிப்பார்கள். ஆணை ஜூலை 15-க்குள் வர வேண்டும். ஆறாம் வகுப்பில் 35 பிள்ளைக்கு ஒரு டிவிஷன். 36 ஆனால் இரண்டு. அந்த முப்பத்தாறாவது பிள்ளை ஒரு ஆள் இல்லை; ஒரு வகுப்பறை, ஒரு ஆசிரியர் வேலை, ஒரு குடும்பத்தின் அடுப்பு.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. மார்ச் 31-க்கு எங்கள் கிளைகளில் நடப்பது இதே கூத்துதான். அன்று ஒரு நாள் டெபாசிட் எண்ணிக்கை நன்றாகத் தெரிய வேண்டும் என்று தெரிந்தவர் அறிந்தவர் எல்லாரையும் கெஞ்சிப் பணம் போட வைப்போம், ஏப்ரல் முதல் வாரம் அது பறந்துவிடும். பள்ளிகளிலும் ஒரு காலத்தில் பக்கத்துப் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கடன் வாங்கி உட்கார வைத்து எண்ணிக் காட்டிய கதைகளை இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அப்புறம் ஆதார் எண்ணோடு இணைத்தார்கள். இப்போது ஒரு பிள்ளையை இரண்டு இடத்தில் எண்ண முடியாது. ஆனால் எண் சரியாக ஏறாத பிள்ளை, முன் பெஞ்சில் உட்கார்ந்து கைதூக்கினாலும், கணக்கில் வராமல் போகலாம். 2025-ல் இதைப் பற்றி ஆசிரியர் சங்கங்கள் நிறையச் சத்தம் போட்டன.

பிள்ளைகள் ஒரு அளவுக்குக் கீழே போன பள்ளிக்கு விதியில் ஒரு பெயர் உண்டு: 'அன்எக்கனாமிக்'. ஆதாயம் இல்லாத பள்ளி. பி.காம். படித்தவன் கேட்கக் கூடாத வார்த்தை இது. அரசுப் பள்ளியின் லாப நஷ்டக் கணக்கை எந்தப் படிவத்தில் எழுதுவது? கோழிக்கோட்டில் மலாப்பறம்பில் இப்படி ஒரு உதவி பெறும் பள்ளியை 2014-ல் மேனேஜ்மெண்ட் இடித்தே போட்டது. ஊர்க்காரர்கள் திரும்பக் கட்டினார்கள். வழக்கு நடந்து, 2016-ல் மூட உத்தரவு வந்து, பிள்ளைகள் கலெக்டர் ஆபீஸில் உட்கார்ந்து படித்து, கடைசியில் அரசே பள்ளியை எடுத்துக்கொண்டது.

தமிழ் வழி வகுப்பு என்றால் இந்த எண்ணிக்கை இன்னும் கழுத்தை நெரிக்கும். இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நம்மை மாதிரி பிழைக்க வந்தவர்கள் பலருக்குத் தெரியாது. திருவனந்தபுரத்துத் தமிழ்ப் பள்ளிகள் நமக்காக வந்தவை அல்ல. 1956 நவம்பர் 1 வரைக்கும் நாகர்கோவிலும் இந்த ஊரும் ஒரே மாநிலம். சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரிகள். அங்கே பாத்திரக் கடை நடத்திக்கொண்டே கதை எழுதிய ஆ. மாதவன் இருந்தார், 2021-ல்தான் காலமானார். மாநில எல்லை கோடு போட்டபோது தமிழ் இந்தப் பக்கமும் கொஞ்சம் தங்கிவிட்டது, அவ்வளவுதான். தொடக்க நிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு அதே 1956-ல் வந்தது. கேரளப் பாடப்புத்தகம் தமிழிலும் அச்சாகிறது. இடுக்கி, பாலக்காடு பக்கம் தமிழ் வழிப் பள்ளிகள் இன்னும் அதிகம். தலைநகரத்தில்தான் வருஷத்துக்கு வருஷம் ஆள் குறைகிறது. கடைக்காரர்களின் பேரன்கள் ஆங்கில வழிக்குப் போய்விட்டார்கள். இப்போது தமிழ் வழியில் வருவது பெரும்பாலும் தேய்ப்பு வண்டி, பழைய பேப்பர் கடை, கட்டட வேலை, ஹோட்டல் சமையல் என்று வந்தவர்களின் பிள்ளைகள். (என் மகள்? மத்தியப் பாடத்திட்டம். மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை பெட்டி கட்டுகிறவன் வேறு என்ன செய்ய. தமிழ் எழுத்து வீட்டில் தங்கமணி உபயம்.)

டீச்சருடைய பள்ளியில் ஐந்தாம் வகுப்பிலிருந்து ஆறுக்குப் போகிறவர்கள் சரியாக 36.

இரண்டாவது டிவிஷனை முந்தைய வருஷம் பார்த்துக்கொண்டவள் ஒரு இளம்பெண், தினக்கூலி அடிப்படையில் எடுத்த ஆசிரியை. 'திவச வேதனம்' என்பார்கள். ஜூன் வந்தால் மறுபடி நேர்காணல், மறுபடி நியமனம். 2025 மே மாதம் ஆசிரியர் பயிற்சி நடந்தது. அந்த வருஷம் 2, 4, 6, 8, 10 வகுப்புகளுக்குப் புதுப் புத்தகம். அதோடு, பள்ளி திறந்த முதல் இரண்டு வாரம் பாடத்துக்கு முன்னால் போதைப் பொருள், சாலைப் பாதுகாப்பு, செல்போன் பழக்கம் பற்றியெல்லாம் பிள்ளைகளிடம் பேசச் சொல்லியிருந்தார்கள். பயிற்சி என்றால் நிரந்தர ஆசிரியர்களுக்குத்தான். மே மாதத்தில் தினக்கூலி ஆசிரியர் என்று ஒருவர் சட்டப்படி கிடையவே கிடையாது. இந்தப் பெண் தானாகவே போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தாளாம். வருகைப் பதிவில் பேர் இல்லை, சாப்பாட்டு டோக்கன் இல்லை, படி இல்லை. வீட்டிலிருந்து டிபன் கொண்டு போய், ஆறாம் வகுப்புப் புத்தகத்தை முழுக்கக் குறிப்பெடுத்துக்கொண்டு வந்தாள். பயிற்சி நடத்தியவர்களும் கண்டுகொள்ளவில்லை.

மே மாதம் பயிற்சி, ஜூன் முதல் வாரம் நியமனம், அதற்கப்புறம் எண்ணிக்கை, ஜூலையில் ஆணை. லெட்ஜரை மூடிவிட்டு வவுச்சர் போடுகிற மாதிரி இருக்கிறது என்று டீச்சரிடம் சொன்னேன். "உங்க வவுச்சருக்கு வயிறு கிடையாது சாரே" என்றார்.

இப்போது அண்ணாச்சி. எங்கள் தெரு முனையில் தேய்ப்பு வண்டி போட்டிருப்பவர். (மலையாளத்தில் 'தேப்பு' என்றால் காதலில் கழற்றி விடுவதற்கும் அதே வார்த்தை. அண்ணாச்சி வண்டியில் மலையாளத்தில் 'தேப்பு' என்று பெரிதாக எழுதி வைத்திருப்பதைப் படம் பிடித்துக்கொண்டு போகாத கல்லூரிப் பையன் இல்லை.) தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். பதினைந்து வருஷமாகக் கரமனையில் இருக்கிறார். மூத்த பெண் டீச்சருடைய பள்ளியில்தான் ஒன்றாம் வகுப்பிலிருந்து. முப்பத்தாறில் ஒருத்தி.

ஜூன் 7, சனிக்கிழமை, பக்ரீத். விடுமுறை. சட்டை வாங்கப் போனேன்.

"சார், ஒரு கணக்கு கேக்கணும். பாப்பா ஏப்ரல்லயே ஊருக்குப் போயிட்டா, ஆச்சி வீட்டுல இருக்கா. பத்தாந்தேதி செவ்வாக்கெழம எங்க அம்மன் கோயில் கொடை. நாங்களும் திங்கக்கெழம ராத்திரி போறோம். பொம்பளப் பிள்ளைக்கு மாசம் ஆயிரம் ரூவா குடுக்காவளாமே, காலேஜுக்கு. அது இங்க படிச்சா கிடைக்குமா, அங்க படிச்சாத்தான் கிடைக்குமா? நீங்க சொல்லுங்க, கேக்குதேன்."

அவர் கேட்டது புதுமைப் பெண் திட்டத்தை. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கியது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மேல்படிப்பின்போது மாதம் ஆயிரம். கவனியுங்கள், ஆறாம் வகுப்பு முதல். ஐந்து முடித்திருக்கிற பிள்ளைக்கு இதுதான் கடைசி வண்டி. மூன்று வருஷப் பட்டப் படிப்பு என்றால் 36,000 ரூபாய். (முப்பத்தாறாவது பிள்ளைக்கு முப்பத்தாறாயிரம். எண்ணோடு பிழைப்பவனுக்கு இப்படியெல்லாம் தோன்றும், விடுங்கள்.) பணம் மட்டும் இல்லை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் வந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடும் ஆறிலிருந்து பன்னிரண்டுதான். எட்டாவதிலிருந்து வெளி மாநிலத்தில் படித்துவிட்டுப் பொறியியல் கலந்தாய்வுக்குப் போனால் பூர்வீகச் சான்று கேட்பார்கள். சாதிச் சான்றிதழ் ஊரில் வாங்கியது இங்கே சலுகைக்குச் செல்லாது. இதெல்லாம் இங்கே பிள்ளை வளர்க்கிற நம் ஆட்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடிந்து ஜூன் மாதம் தாலுகா ஆபீஸ் வாசலில் நின்றுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்தப் பக்கக் கணக்கும் உண்டு. சொன்னேன். இங்கே தமிழ் வழியில் படித்து ஆசிரியர் பயிற்சி முடித்தால் தமிழ் வழி ஆசிரியர் பணிக்குக் கேரளத் தேர்வாணையம் ஆள் எடுக்கிறது, போட்டி குறைவு. மூன்று மொழி கையில் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேல், பத்து பதினோரு வயசுப் பெண் அப்பா அம்மாவோடு இருக்கும். அதற்கு மாதம் எவ்வளவு என்று போடுவது? எனக்குத் தெரிந்த எந்த வட்டி அட்டவணையிலும் அது இல்லை.

36 என்கிற எண்ணும் எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை என்பதும் தெரியும். அதை அண்ணாச்சியிடம் சொல்லவில்லை. ஒரு பள்ளியின் டிவிஷனைக் காப்பாற்றும் பொறுப்பை ஆறாவது படிக்கப் போகும் பிள்ளை தலையில் வைப்பது நியாயமாகப் படவில்லை. அவர் கேட்டது தன் மகளின் கணக்கு. அதற்குத்தான் பதில் சொன்னேன். இன்னொரு தடவை கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

அவர் கரிப்பெட்டியை மெதுவாக ஒரு காலர் மேல் ஓட்டினார். "எனக்கு வயசு ஆவுது சார். இந்த வண்டி இன்னும் எத்தன வருசம் ஓடும்?" என்றார். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஜூன் 9, வைகாசி விசாகம். காலையில் அண்ணாச்சி பள்ளிக்குப் போய் டி.சி. கேட்டிருக்கிறார். செவ்வாய் கொடை, புதன்கிழமை ஊரில் அட்மிஷன், வியாழக்கிழமை வண்டி தள்ள வேண்டும். அங்கே பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். டீச்சர் எச்.எம். ஆகி ஏழாவது நாள். மறுநாள் எண்ணிக்கை. 'புதன்கிழமை வாங்க, சம்பூர்ணா வேலை செய்யல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் கேட்கப் போவதில்லை. சம்பூர்ணாவே கூட கோபித்துக்கொள்ளாது, அதன் பேரில் சொல்லாத பொய்யா. பிள்ளை பெயர் ரோலில் இருக்கும், ஊருக்குப் போயிருக்கிறாள் என்று விடுப்புக் கடிதம் இருக்கும், 36 இருக்கும், இரண்டு டிவிஷன் இருக்கும், பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்த பெண்ணுக்கு மார்ச் வரைக்கும் வேலை இருக்கும். மார்ச் 31 மதியம் பெரிய டெபாசிட்டை முடித்துக்கொள்கிறேன் என்று வரும் வாடிக்கையாளரை 'சர்வர் ஸ்லோ, இரண்டாந்தேதி வாங்க' என்று சொல்லாத மேனேஜரை நான் பார்த்ததில்லை.

டீச்சர் பதினொன்றரை மணிக்கு டி.சி.யில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை 35. பிறகு அந்த எண்ணோடுதான் வருஷம் முழுக்க ஓடியது. ஒரே வகுப்பறை, மூன்று பேர் பெஞ்சில் நான்கு பேர்.

புதன்கிழமை டீச்சர் வங்கிக்கு வந்தார். அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. அண்ணாச்சியே 'பேங்கு சார்கிட்டக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணினோம்' என்று நல்ல மனசோடு சொல்லியிருக்கிறார். எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. அவர் பாஸ்புக்கை நீட்டினார், அச்சடித்துக் கொடுத்தேன். மதிய உணவுக் கணக்கில் பணம் வரவில்லை. "வராது, தெரியும். சும்மா பாத்தேன்" என்றார். போகும்போது திரும்பி, "அந்தப் பிள்ளைக்குக் கணக்கு நல்லா வரும். அங்க நல்ல வாத்தியாராக் கிடைக்கணும்" என்றார்.

நான் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டேன். ஏன் இரண்டு நாள் தள்ளிப் போடவில்லை என்று.

"தள்ளிருக்கலாம். எங்க ஸ்டாப் ரூமில எல்லாரும் அதத்தான் சொன்னாங்க. அந்த ஆளு தூக்குச் சட்டியோட நிக்கிறாரு சாரே, ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடுத்துட்டு. நான் என்ன சொல்ல?" அவ்வளவுதான் பதில். விளக்கம் எல்லாம் இல்லை. குடையை விரித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

தினக்கூலி டீச்சர் விஷயம் எளிதாக முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கு எங்கள் கிளையில் ஒரு கணக்கு உண்டு. வாடிக்கையாளர் விவரம் எழுதக் கூடாது, எழுதவில்லை. ஜூன், ஜூலை இரண்டு மாதம் அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது என்பதை மட்டும் எழுதலாம். நகரத்தில் தமிழ் வழிக்கு வேறு காலி இடம் இல்லை. ஆகஸ்டில் இடுக்கி மாவட்டத்தில், தேயிலைத் தோட்டப் பிள்ளைகள் படிக்கும் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் தினக்கூலியாகச் சேர்ந்தாள். ஆறாம் வகுப்புத்தானாம். முகவரி மாற்ற வந்தபோது பையிலிருந்து அந்தக் குறிப்பு நோட்டு எட்டிப் பார்த்தது. மே மாதத்து மழையில் ஓரம் ஊதிப் போயிருந்தது. "அங்க டீச்சர்மார் இதைக் கேட்டு வாங்கி ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டாங்க சார்" என்றாள்.

தங்கமணியிடம் இதையெல்லாம் சொன்னபோது, நான் அண்ணாச்சியிடம் இந்தப் பக்கக் கணக்கை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்றாள். எங்களுக்குள் அது இன்னும் முடியாத வழக்கு. பெண் பிள்ளையை அம்மாவிடமிருந்து பிரிக்கிற எந்தத் திட்டமும் அவளுக்குத் திட்டம் இல்லை. அண்ணாச்சி வீட்டம்மாவும் கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஓணத்துக்கு நாங்கள் அடைப் பிரதமன் கொடுத்தனுப்ப, பதிலுக்குத் தூக்குச் சட்டியில் அதிரசம் வந்தது.

பாப்பா தென்காசிப் பக்கம் அரசுப் பள்ளியில்தான் படிக்கிறாள். ஆச்சிக்குக் குற்றாலத்தில் சீசன் சமயம் மக்காச்சோளம் சுட்டு விற்கிற வேலை. ஜூலையில் மலையாளிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். முன்பெல்லாம் ஆச்சி விரலைக் காட்டித்தான் விலை சொல்லுமாம். இப்போது சனி ஞாயிறு பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து மலையாளத்திலேயே பேரம் பேசுகிறாள் என்று அண்ணாச்சி சொன்னார். ஒரு திருவனந்தபுரத்துக் குடும்பம் அவள் பேச்சைக் கேட்டுவிட்டு, "மோளே, நீ எவிடத்தே?" என்று கேட்டதாம்.

"கரமனை"ன்னு சொன்னாளாம்.